தலை பெருசா, அழகு பெருசா?

அமெரிக்காவுல பேஸ்பால் ஆடுற தம்பிகளா, கிழவன் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஹெல்மெட் விஷயத்துல நீங்க பண்ணினதுதான் சரி. உசுரு போனா ஒரு தடவை. டிவியில மண்டை பெருசாத் தெரிஞ்சா தினம் தினம்ல மானம் போகும்!

1920-ல நியூயார்க்குல மட்டை பிடிச்ச ரே சாப்மேன் தலையில பந்து பட்டுச்சு. பட்ட சத்தத்தைக் கேட்டு, மட்டையில பட்டதா நினைச்சு, வீசின கார்ல் மேஸே உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிஞ்சாரு. மறுநாள் விடியறதுக்குள்ள சாப்மேன் போயிட்டாரு. அதுக்காக நீங்க அவசரப்பட்டீங்களா? 1971 வரைக்கும் ஆற அமர யோசிச்சுத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினீங்க. அப்பவும் பழைய ஆளுகளுக்கு விலக்கு. பாப் மான்ட்கோமரி 1979 வரைக்கும் தொப்பிக்குள்ள தகடு செருகியே காலத்தை ஓட்டிட்டாரு.

2009-ல டேவிட் ரைட் தம்பிக்கு மண்டையில அடி. மணிக்கு 100 மைல் வேகப் பந்தையும் தாங்குற எஸ்100 ஹெல்மெட்டோட திரும்பி வந்தாரு. அது கொஞ்சம் பெருசு. கூட ஆடுறவங்க பண்ணின கேலி கொஞ்சநஞ்சமில்ல. சில ஆட்டத்துலயே தம்பி பழசுக்கு மாறிட்டாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகணும்னா, முதல்ல தலைப்பாகை வேணும்டா தம்பி!

முழங்கைக்குக் கவசம் கட்டுறீங்க, கணுக்காலுக்குக் கட்டுறீங்க; யாரும் சிரிக்கல. தலைக்குன்னா மட்டும் கூச்சம். எது விலை போகும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன!

உங்க மனசு எனக்குத் தெரியும். ஹெல்மெட் மேல வெறுப்பு இல்ல. முதல் ஆளாப் போடத்தான் வெக்கம். அதனாலதான், அந்த எஸ்100-ஐயே கொஞ்சம் மெலிசாக்கி 2013-ல எல்லாருக்கும் கட்டாயம்னதும் சத்தமே காணோம். ஊரே கோமாளி ஆயிட்டா யாரைப் பார்த்து யாரு சிரிக்கறது?

2014-ல ஸ்டான்டன் தம்பிக்கு முகத்துலயே விழுந்துச்சு; எலும்பும் போச்சு, பல்லும் போச்சு. அடுத்த வருசம் ஹெல்மெட்டுல முகத்துக்குக் கம்பி மறைப்பு போட்டு வந்தாரு. இப்ப நிறையப் பேரு தாடைக்கு மறைப்பு வச்சுக்கிட்டு, அதையே ஸ்டைலுங்கறீங்க.

நாளைக்கு வேற ஏதாவது கவசம் வரும்; ஒரு பையன் முதல்ல மாட்டிக்கிட்டு வருவான். தாராளமாச் சிரிங்க தம்பிகளா, பல்லு இருக்கிற வரைக்கும்.