பேபி சேர் இருக்கா, அண்ணே?

செடெனாக்கில் குடியிருப்பவர்கள் வெளியே சாப்பிடக் கிளம்பினால் வண்டி தெற்கே திரும்பும். கூலாய், அதைத் தாண்டி செனாய், அதையும் தாண்டினால் ஜொகூர் பாரு. வடக்கே லாயாங் லாயாங், சிம்பாங் ரெங்கம் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் குழந்தையின் நிறம், எடை, இன்னும் பல் முளைக்காத காரணம் ஆகியவை குறித்துத் தலைக்கு இரண்டு கருத்து வீதம் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். ஆகவே தெற்குதான்.

கல்யாணமான புதிதில் எந்தக் கடை என்பதை நாக்கு முடிவு செய்தது. மகள் பிறந்தபின் நாக்கின் ஓட்டுரிமை பறிபோய்விட்டது. கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் உள்ளே ஓடி நான் கேட்கும் முதல் கேள்வி, "பேபி சேர் இருக்கா, அண்ணே?" இருக்கிறது என்றால், அதற்கு வார் இருக்கிறதா? வார் இருந்தால் கொக்கி இருக்கிறதா? நாற்காலியின் நான்கு கால்களும் ஒரே நீளமா? மீன் தலைக் கறி எப்படி இருக்கும் என்பது பட்டியலில் கடைசி. அதற்குள் பெரும்பாலும் பாப்பா காரிலேயே தூங்கியிருப்பாள். அவள் தூங்கினால் வண்டி நிற்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இப்படிக் கடை கடையாகப் பார்த்துக்கொண்டே ஜொகூர் பாரு வரை ஓட்டி, டோல் கட்டி, ஒன்றுமே சாப்பிடாமல் வீடு திரும்பி மேகி கிண்டிய மாலைகள் உண்டு.

ஜொகூரில் வார விடுமுறைக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 2014 முதல் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. என் மனைவி பள்ளி ஆசிரியை. எனக்குத் தனியார் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை. இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் துணி துவைப்பது தின்றுவிடும். 2025 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் சனி, ஞாயிறு என்று மாநிலம் மாற்றியது. இரண்டு நாள் சேர்ந்தாற்போலக் கையில் கிடைத்தது. அந்த வருடக் கடைசியில் மகள் பிறந்தாள். "அரசாங்கத்துக்கு நன்றி சொன்னியாடா?" என்று அண்ணன் கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

இந்த மாற்றத்தில் ஒரு சிக்கல். சிங்கப்பூர்க்காரர்களுக்கும் சனி, ஞாயிறுதான் விடுமுறை. 1924இல் திறந்த அந்த ஒரு கிலோமீட்டர்ச் சொச்சக் கடற்பாலத்தில் மணிக்கணக்காக ஊர்ந்து அவர்களும் இங்கேதான் சாப்பிட வருகிறார்கள், அதுவும் குழந்தை குட்டியோடு. சிங்கப்பூர் வெள்ளி நம் வெள்ளியைவிட எத்தனை மடங்கு என்று மற்றவர்கள் புலம்பட்டும். நான் கவலைப்படுவது வேறு கணக்கைப் பற்றி. கடைக்கு இரண்டு பேபி சேர்தான், அவர்கள் நமக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள்.

நான் வேலை பார்ப்பது செடெனாக்கில் செம்பனை மரங்களை அகற்றிவிட்டு எழுப்பிய டேட்டா சென்டர்களில் ஒன்றில். அங்கே எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரிக்குப் பின்னால் ஜெனரேட்டர். ஒரு குளிரூட்டி நின்றால் பக்கத்தில் இருப்பது சுமையை ஏற்றுக்கொள்ளும். என் மனைவி கட்டும் பாப்பா பையும் அதே விதிப்படிதான் இயங்குகிறது. பெம்பர்ஸ் பையில் ஒரு கட்டு, காரில் ஒரு கட்டு. சுடுதண்ணீர் பிளாஸ்க் இரண்டு. ரப்பர் ஒட்டகச்சிவிங்கி தரையில் விழுந்தால் எடுத்துக் கொடுக்க அச்சு அசல் அதே ஒட்டகச்சிவிங்கி இன்னொன்று. மாற்று ஏற்பாடு இல்லாத ஒரே உறுப்பு அப்பாவின் சட்டை. பருப்புத் தண்ணியோ வாந்தியோ அதில் பட்டால் பட்டதுதான். மற்ற எல்லாம் தடையின்றி இயங்கும்.

வண்டியில் ஏறுவது தனி அத்தியாயம். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சொந்தக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். பிள்ளை போதிய உயரம் வளரும்வரை அதில்தான் உட்கார வேண்டும். எங்களுடையது மைவி. பின்னால் ஒரு பக்கத்தை இருக்கை பிடித்துக்கொள்ளும், டிக்கியைத் தள்ளுவண்டி பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் பாப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு என் அம்மா. அந்த இருக்கையின்மேல் அம்மாவுக்கு நம்பிக்கையே கிடையாது.

"மடியில குடுடா, அழ மாட்டா. ஒன்னயத் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியிலதான் கொண்டு போனேன். அதுல எந்த பெல்ட்டு இருந்துச்சு?"

"இப்ப சட்டம்மா."

"அப்ப இந்தச் சட்டம் எங்க போயிருந்துச்சு?"

அம்மாவுக்கு இப்படிக் கேட்க உரிமை இருக்கிறது. தோட்டத்தில் குழந்தையோடு வெளியே கிளம்புவது தினமும் நடந்தது, அதுவும் விடியுமுன். காலை வருகைக் கணக்கான பெரட்டுக்குப் பேர் கொடுக்கும் முன்னால் பிள்ளையைத் தூக்கிப்போய் ஆயாக் கொட்டாயில் விட வேண்டும். வரிசையாகச் சேலைத் தூளிகள், நடுவில் ஓர் ஆயா. எந்தத் தூளியில் சத்தம் அதிகமோ அதற்குத்தான் முதல் ஆட்டு. உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு அம்மா வந்து தூக்கும்வரை அண்ணன் அங்கே முதல் ஆட்டைத் தவறாமல் வாங்கியிருக்கிறார். இப்போதும் குடும்பக் கூட்டங்களில் அவர் சத்தம்தான் அதிகம்.

அப்படிப்பட்ட அம்மாவை ஒரு மாலில் பால் கொடுக்கும் அறைக்கு மனைவி அழைத்துப் போனாள். சோபா, குளிர்சாதனம், சுடுதண்ணீர்க் குழாய், மெல்லிய பாட்டு. வெளியே வந்து அம்மா சொன்னார்: "நம்ம லயத்து வீட்டைவிடப் பெருசா இருக்கு. வாடகைக்கு விடுவாங்களான்னு கேளு."

மாலில் தள்ளுவண்டி வழுக்கிக்கொண்டு ஓடும், ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் இருக்கிறது, 2011இல் திறந்தது. குழந்தையைத் தள்ளிக்கொண்டு நடக்க அருமையான இடம். விலைச்சீட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ள தாயாரை மட்டும் கூட்டிப் போகக் கூடாது. மாடி மாடியாக அடுக்கிய மால்களில்தான் தொல்லை. மின்படியில் தள்ளுவண்டிக்குத் தடை, லிப்ட்டுக்கோ நீண்ட வரிசை. அந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். தள்ளுவண்டிகளில் பாதியில் பிள்ளை இருக்காது. சாமான் பைகள் வார் மாட்டி, கூரை இழுத்துவிட்டு, சொகுசாகச் சாய்ந்திருக்கும். பிள்ளை அப்பாவின் கழுத்தில் இருக்கும். மாலுக்குள் இருக்கும் உணவகங்களில் இன்னொரு தொல்லை, அமைதி. நம் பிள்ளை ஒரு கரண்டியைத் தட்டினால் எட்டு மேசை திரும்பிப் பார்க்கும்.

மாமாக் கடையில் யாரும் திரும்ப மாட்டார்கள். "தே தாரிக் ரெண்டு! ரொட்டி கோசோங் மூணு! மேகி கோரெங் ஒண்ணு, முட்டை வேணாம்!" என்று பணியாளர்கள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கூவுவார்கள், தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு ஓடும், பாத்திரம் விழும். இந்தச் சத்தத்தில் ஒரு குழந்தை அழுவது யார் காதிலும் ஏறாது. கதவு கிடையாது, தள்ளுவண்டியை நேரே மேசைவரை ஓட்டலாம். முன்பு சிகரெட் புகை இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. புகைக்கிறவர்கள் மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே பாப்பாவுக்குக் கை காட்டுகிறார்கள்.

அங்கே ரொட்டி போடும் அண்ணன்தான் எங்கள் மகளின் முதல் கலைஞர். மாவை விசிறி அவர் காற்றில் எறியும்போது பாப்பா மூச்சுவிட மறந்து பார்ப்பாள். திசு ரொட்டி போட்டால் அன்றைக்குத் திருவிழா. ஒரு ரொட்டி விலைக்கு அரை மணி நேர வேடிக்கை. எந்த மாலின் விளையாட்டரங்கத்திலும் இந்தக் கட்டணம் இல்லை.

சாப்பாடு மேசைக்கு வந்ததும் ஒரு பையன் வந்து நிற்பான். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். "குடுங்கக்கா, நீங்க ரெண்டு பேரும் சூடா சாப்பிடுங்க" என்று பாப்பாவை வாங்கிக்கொள்வான். ஊரில் அவனுக்கும் ஒரு பிள்ளை, கைப்பேசித் திரையில் வளர்கிறது. பாப்பா அவன் இடுப்பில் ஏறிக் கடையைச் சுற்றுவாள். கல்லாவில் ஐந்து நிமிடம், மீன் தொட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம். பக்கத்து மேசை மக்சிக் "சொமெல்ஞா!" என்று கன்னத்தைத் தொடுவார். அதற்கடுத்த மேசைச் சீனத் தாத்தா "அமோய், அமோய்" என்று கார்ச் சாவியை ஆட்டுவார். ரொட்டி சானாயைச் சூடாகச் சாப்பிடும் பேறு மலேசியாவில் பச்சைக் குழந்தையின் பெற்றோருக்கு இந்த ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது.

பாப்பாவுக்கு என்ன கொடுப்பது என்பதில் வீட்டில் இரு கட்சி. கிளினிக் மிஸ்ஸி கட்சி ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை வேண்டாம், தேன் அறவே கூடாது என்கிறது. அம்மா கட்சிக்குத் தேன் தொட்டு வைக்காத நாக்கில் தமிழ் எப்படி வரும் என்ற சந்தேகம். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும் என்று மிஸ்ஸி பொறுமையாக விளக்கினார். அம்மா தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார். கடைசியில் சாம்பார் தொடாத இட்லியில் இரு கட்சியும் உடன்பாடு கண்டன. வாழை இலைச் சாப்பாடு மட்டும் இப்போதைக்கு இல்லை. இலை என்பது இழுப்பதற்கு என்று பாப்பா நினைக்கிறாள், ரசம் ஊற்றியபிறகு நினைக்கிறாள்.

லக்சா ஜொகூர் விஷயத்தில் அவளிடமிருந்து நாங்கள்தான் கற்க வேண்டும். இந்த லக்சாவுக்கு அரிசி நூடுல் கிடையாது, ஸ்பகெட்டி. சுல்தான் அபு பக்கார் ஐரோப்பாவில் ருசி கண்டு வந்ததால் அப்படி ஆனது என்று இங்கே கதை சொல்வார்கள். கையால் எடுத்துச் சாப்பிடுவதுதான் பழைய முறை. நாங்கள் முள்கரண்டியோடு மல்லுக்கட்டுகிறோம். குழம்பில்லாமல் அவளுக்குப் போட்ட ஸ்பகெட்டியை இரண்டு கையாலும் அள்ளி, நெற்றியில் பாதி, வாயில் பாதி என்று அரண்மனை முறையைக் கடைப்பிடிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மாமாக் கடையே மேல் என்ற தீர்ப்பில் ஒரு குறை உண்டு. அங்கே பெம்பர்ஸ் மாற்ற இடம் இல்லை, கார்ப் பின்னிருக்கைதான். மாலில் இடம் இருக்கிறது, ஆனால் பல மால்களில் அந்தப் பலகை பெண்கள் கழிப்பறைக்குள் இருக்கிறது. பிள்ளையைக் கையில் ஏந்தி, மூக்கைத் திருப்பிக்கொண்டு, வாசலில் நின்று மனைவிக்குப் போன் போடும் அப்பாக்களை நான் அறிவேன். கடை நடத்துகிறவர்களே, சுவரில் மடக்கி வைக்கும் பலகை ஒன்றை ஆண்கள் பக்கமும் மாட்டுங்கள். பேபி சேருக்குக் கொக்கி வைத்த வார் போடுங்கள். செலவுக்கு ரொட்டியில் இருபது காசு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன்.