டிக்கிக் கொள்ளளவுக் கோட்பாடு

ஸ்டேஷன் வேகன் என்னும் இனம் இந்தியாவில் பலமுறை தோன்றி, ஒவ்வொரு முறையும் வாரிசில்லாமல் போயிருக்கிறது. 1992இல் டாடா எஸ்டேட், பின்பு மாருதி பலேனோ அல்டுரா, 2004இல் டாடா இண்டிகோ மெரினா. மூன்றும் விற்பனையில் படுத்துவிட்டன. காரணம் குறித்து டீக்கடை அறிஞரிடையே இரு கட்சிகள் உண்டு. டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால்தான் அது கார் என்பது ஒரு கட்சி. பின்கதவு மேலே எழும் நீள வண்டியைக் கண்டால் நம்மவருக்கு ஆம்புலன்ஸ் நினைவு வரும், நேரம் சரியில்லையென்றால் அமரர் ஊர்தி நினைவு வரும் என்பது மறுகட்சி. இரண்டாவதே வலுவானதென்று இக்கட்டுரை கருதுகிறது.

நம் ஆய்வுப்பொருள் எஸ்டேட். 1,948 சிசி டீசல் என்ஜின், டாடாவின் பிக்கப் வண்டியின் அடித்தளம், அக்காலத்தில் ஊரே வாய்பிளந்த பவர் விண்டோ. இன்று அந்தக் கண்ணாடி இறங்கும், ஏறுவது உறுதியில்லை.

பழைய எஸ்டேட்டை வாங்கப் போனால் முதற்கட்டத் தரவு விற்பவரின் வாய்மொழி. “சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, சின்னச் சின்ன வேலை இருக்கு சார்” என்பது மாறாத பாடம். இதையெல்லாம் நம்பினால், தொண்ணூறுகளில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் வாங்கவில்லை என்று முடிவுகட்ட நேரும்.

களப்பணிக்குக் காலையிலேயே போக வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், விடியுமுன் யாரோ வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறார்கள், ஹீட்டர் பிளக்கைப் பற்றி அவர்களுக்கு ஏதோ தெரியும். என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். “சின்ன வேலை” பெரிய வேலையாகும் இடம் அதுவே. துருவை அறிய, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் குருவாயூர் யானை காந்தம் போதும். யானை வழுக்கி விழும் இடமெல்லாம் பட்டி. பின்தளத்துக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது ஆய்வுநெறி ஆகாது. கீழே தார்ரோடு தெரிந்த தருணங்கள் உண்டு.

அந்தப் பின்தளத்தில்தான் நம் கோட்பாடு பிறக்கிறது. வேகன் வாங்குபவர் உண்மையில் வாங்குவது பின்னாலுள்ள காலியிடத்தை. அது காலியாக இருப்பதே இல்லை. பவர் விண்டோ மோட்டார், பம்பர் ஓரம், பாம்பாய்ச் சுருண்ட ரப்பர் பீடிங், என்றோ இறக்கிய ஏசி கம்ப்ரசர் என்று வண்டியிலிருந்து கழன்றதெல்லாம் அங்கே குடியேறியிருக்கும். “ஒரிஜினல் சார், தூக்கிப் போட்டுடாதீங்க” என்பார் மெக்கானிக். செடானில் இவ்வளவுக்கு இடமில்லை, கழன்றதை வீசிவிடுவார்கள். ஆகவே வேகன்கள் அதிகம் பழுதாகின்றன என்ற ஊர்ப்பேச்சு பிழை. அவற்றிடம் ஆவணக்காப்பகம் இருக்கிறது, அவ்வளவே.

உதிரிப்பாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை. எஸ்டேட்டுக்கு என்று கேட்டால் கடைக்காரர் நம்மை அனுதாபத்தோடு பார்ப்பார். டாடா சியராவுக்கு என்று கேட்பது விவேகம். முன்பக்கம் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. பின்கதவும் பின் பக்கக் கண்ணாடிகளும் மட்டும் எஸ்டேட்டுக்கே உரியவை. உடைந்தால் இன்னொரு எஸ்டேட் சாகும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே என்ஜினைவிடக் கண்ணாடியைப் பார்த்து வாங்குக.

ஆவணப்பகுதி சுருக்கமானது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இன்ஷூரன்ஸ். பதினைந்து வயது கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பிற்பாடு இருபது கடந்த கிழங்களுக்கு மேலும் ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி.

விடுபட்டது ஒன்று. பின்கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் எல்லா எஸ்டேட்டிலும் என்றோ உயிர்விட்டிருக்கும். அந்தப் பணியைச் செய்வது ஒரு கம்பு. பெரும்பாலும் ஒட்டடைக் குச்சியின் மேல்பாதி. வண்டியிலேயே பழுதாகாத பாகம் அதுதான். பேரம் முடிந்து சாவி கைமாறிய பின், விற்பவர் கம்பை மட்டும் உருவிக்கொண்டு வீட்டுக்குள் போவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே கம்பையும் சேர்த்தே விலை பேசுக.