ஓம்ஸ் அண்ணாச்சி

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து அச்சகங்களில் மூச்சு விட நேரமிருக்காது. அந்த அமளியிலும், ஆஃப்செட் மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செல்போனில் ஹெட்போன்களின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார் ஒருவர். அவர்தான் ஓம்ஸ் அண்ணாச்சி. தெருவுக்கு ஒருத்தராவது தேறுவார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, மகன் காலேஜில். இனி நமக்கென்று ஒன்று வாங்குவோம் என்று கிளம்பியிருக்கிறார்.

நாலு கலரும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்தே பார்த்துப் பழகிய கண் அது. மயிரிழை விலகினாலும் "ரிஜிஸ்டர் அவுட்டு" என்று தாளைக் கசக்கிவிடுவார். ஹெட்போனையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார். காதுக்கு இன்னும் வேலை வரவில்லை.

டெசிபல் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதுச் சொல் இல்லை. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற 1999-ஆம் வருஷத்து விதி பட்டாசு ஆலையில் எல்லோருக்கும் பாடம். சரவெடி என்றால் வெடிகளின் எண்ணிக்கைக்கேற்ப அந்த வரம்பு இன்னும் இறங்கும். அதனால் ஹெட்போன் பெட்டியில் '96 டெசிபல்' என்று பார்த்ததும் அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "குருவி வெடி அளவுக்குக்கூட வராது போலயே மச்சான்!" அது ஒரு மில்லிவாட் மின்சாரம் கொடுத்தால் எழும் சத்தம், உச்சம் அல்ல என்று விளக்க ஃபோர்மேன் மச்சானுக்கு அரை நாள் ஆயிற்று. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 100 என்றால் வாரத்துக்குச் சுமார் 20 நிமிஷத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் மச்சான் எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்து ஹெர்ட்ஸ். 35,000 வரை போகிற மாடல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மனுஷக் காது நல்ல இளவயதிலேயே 20,000-க்கு மேல் கேட்காது. இருபத்தைந்து வருஷம் மிஷின் பக்கத்தில் நின்ற காது அதில் எவ்வளவு தூரம் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் முழுக்க வௌவாலுக்கு.

பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் சென்ஹைசர் ஹெச்டி 600 கொண்டுவந்திருந்தான். 1997-லிருந்து விற்பனையில் இருக்கும் மாடல். காதுமூடியின் வெளிப்புறம் வெறும் கம்பி வலை. காற்றுப் போய்வருவதால் பாட்டு தலைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும். அண்ணாச்சி கண்ணை மூடிச் சொக்கிப்போனார். கட்டிலில் படுத்திருந்த அம்மா குரல் கொடுத்தார்: "எய்யா, நல்ல பாட்டா இருக்கே, இன்னும் கொஞ்சம் சத்தமா வையி."

உள்ளே ஓடும் பாட்டு வெளியே ஒழுகும். குக்கர் விசில், சீரியல் அழுகை, மின்விசிறியின் கடகட எல்லாம் உள்ளே வரும். கூட்டுக் குடும்பத்துக்கு இது ஆகாது. போதாக்குறைக்கு மின்தடை 300 ஓம்ஸ். வெறும் செல்போனில் குரல் எடுபடாது. வாங்குவதற்கு முன்னால் ஒருவர் அளக்க வேண்டியது தன் வீட்டைத்தான். அண்ணாச்சியோ ஹெட்போன் ரசிகர் கூட்டத்தார் சொல்வதை அளந்துகொண்டிருந்தார். புது ஹெட்போனை நூறு மணி நேரம் சும்மா ஓடவிட்டால் ஒலி பழுக்கும், அதற்குப் பெயர் 'பர்ன்-இன்' என்று அங்கே ஒரு கட்சி உண்டு. அண்ணாச்சி உடனே உறுப்பினரானார்.

சோதனைக்கு அவர் வைத்திருந்த பாட்டெல்லாம் டி.எம்.எஸ். காலத்தவை. "வயலின் இடது பக்கமே வரல்லியே" என்று மாடலுக்கு மாடல் குறை. எப்படி வரும்? தமிழில் ஸ்டீரியோவில் பாட்டுப் பதிவானது 1978-இல் 'பிரியா' படத்துக்குத்தான் முதலில் என்பார்கள். அதற்கு முந்தியவை மோனோ. எத்தனை ஆயிரம் கொட்டினாலும் இரண்டு காதுக்கும் ஒரே சாப்பாடு.

கடைசியில் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம்ஸ். பின்பக்கம் மூடியது, காதுமெத்தை வெல்வெட் மாதிரித் துணி. சித்திரை வெயிலில் ரெக்சின் என்றால் காது வெந்துவிடும். நல்ல முடிவு, தற்செயலாகவே எடுத்திருந்தாலும். பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, அண்ணாச்சியின் புது போனில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மொபைல் கடை ஷட்டரைப் பாதியில் நிறுத்தி, விரல் நீள டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கி வந்தார். "ப்ளூடூத் வாங்கியிருக்கலாம்ல அண்ணாச்சி?" என்று கேட்ட கடைப் பையன் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.

பத்து நாள் கழித்து இளையராஜா பாட்டு ஒன்றில் தபலா பக்கம் மாறிக் கேட்பதாக மறுபடி குறை. அவர் மனைவி அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பக்கம் 'எல்'னு போட்டிருக்கே. வலது காதுலயா மாட்டியிருக்கீங்க?"

அண்ணாச்சி கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் பர்ன்-இன் ஆகியிருக்கு."