வந்துட்டேண்ணே!

மதுரைக்காரர் போனில் 'வந்துட்டேண்ணே' என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று பொருள். 'வந்துக்கிருக்கேன்' என்றால் சட்டையைத் தேடுகிறார். 'வருவேன், வருவேன்' என்று இரண்டு தடவை சொன்னால் அன்றைக்கு அவரை எதிர்பார்க்க வேண்டாம். கோரிப்பாளையம் தேவர் சிலையடியில் சிநேகிதர்களுக்காகக் கால்கடுக்க நின்றே இந்த இலக்கணம் எனக்குப் படிந்தது.

இதைப் பிழை என்று தள்ளவும் வழியில்லை. நடக்கப்போவதை, விரைவு கருதி, நடந்து முடிந்ததுபோலச் சொல்லலாம் என்று தொல்காப்பியரே அனுமதி கொடுத்திருக்கிறார். நன்னூலார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களை ஒரே சூத்திரத்தில் அடுக்கித் தந்தார். குளிக்காமலே வந்துவிட்டவர் நான்கில் எதைச் சொல்லியும் தப்பித்துக்கொள்ளலாம்.

இந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைகளை உட்காரவைத்து, 'டென்ஸ் மொத்தம் பன்னிரண்டு' என்று போர்டில் கட்டம் போட்டால் என்ன ஆகும்? எங்கள் பக்கத்தில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு நம்மூர் வாத்தியார்களிடம் காலங்காலமாக ஒரே உதாரணம்தான்: 'தி பேஷண்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்.' முதலில் முடிந்த காரியத்துக்கு 'ஹேட்', பிறகு நடந்ததற்கு வெறும் பாஸ்ட். விளக்கம் கச்சிதம், இடம்தான் சரியில்லை. மாடிக்குக் கீழே டீக்கடை. அங்கே நிற்பவர்களில் பாதிப்பேர், பெரியாஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு பிளாஸ்க்கும் கையுமாக வந்தவர்கள். மேலே வகுப்பே கோரஸாக 'ஹேட் டைட், ஹேட் டைட்' என்று சொல்ல, துண்டை உதறிக்கொண்டு ஒரு பெரியவர் படியேறிவிட்டார்.

"ஏன் வாத்தியாரே, பேஷண்டு, டாக்டருங்கிறதெல்லாம் எனக்கும் வெளங்குது. எங்க ஆளு உள்ள படுத்துக்கிருக்கான். உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

மறுநாள் டாக்டருக்கு வகுப்பிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டது. அவர் இடத்துக்கு, ஸ்டாப்புக்கு நாம் போய்ச் சேருமுன் கிளம்பிப்போன டவுன் பஸ் வந்தது: 'தி பஸ் ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்டு தி ஸ்டாப்.' கடைசி பெஞ்சு வரை புரிந்தது. அந்த பஸ்ஸை விடாதவர் வகுப்பில் யாருமில்லை.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். விஷயம் லேசானது. முன்னே எப்போதோ ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது, எப்போது முடியும் என்று மட்டும் வினைச்சொல் வாய் திறக்காது. கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடந்த நாட்களில் இதற்கு உதாரணம் தேடி யாரும் புத்தகத்தைப் புரட்டவில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும்: 'தே ஹேவ் பீன் பில்டிங்.'

நாம் இடறுவது வேறிடத்தில். 'ஐ யாம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்கிறோம். இங்கிலீஷ்காரர் காதில், தம்பிகள் இரண்டு பேர் லீவுக்கு வந்து தங்கியிருப்பதுபோல விழும். உடைமையையும் உறவையும் சொல்லும்போது 'ஹேவ்' என்ற சொல்லோடு 'இங்' ஒட்டாது. 'நோ', 'பிலாங்' போன்றவையும் அந்தச் சாதிதான். 'ஹேவிங் லஞ்ச்' மட்டும் சரி. சாப்பாடு நடக்கிற காரியம். தம்பி சும்மா இருக்கிறவன்.

1881-ல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இப்போது எங்களுக்குக் கூப்பிடு தூரம். அமெரிக்கப் பேச்சுதான் எங்களிடம் ஒட்டவில்லை. அமெரிக்கர் 'டிட் யூ ஈட் யெட்?' என்று சிம்பிள் பாஸ்டிலேயே சாப்பாட்டை விசாரித்து முடித்துவிடுவார். நாமோ பிரிட்டிஷ் வழியில் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று உருப்போட்டோம். கையில் இருந்தது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் அல்லவா! அந்த ரென் பம்பாயில் கல்வித்துறையில் இருந்தவர். பாலைவனக் கோட்டையிலிருந்து தப்பியோடும் 'போ ஜெஸ்ட்' நாவலை 1924-ல் எழுதியவரும் அவரே. அவருடைய கதைமாந்தர்களில் சிலராவது தப்பினார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, 1985-ல் வெளிவந்த ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் பெரிய இலக்கண நூல், வடிவத்தை வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் பிரசன்ட், பாஸ்ட் என்று காலம் இரண்டே என்கிறது. எதிர்காலத்துக்கென்று வினையில் தனி விகுதி கிடையாது. 'வில்' போன்ற துணைச்சொல்லை இரவல் வாங்கித்தான் ஒப்பேற்றுகிறார்கள். இல்லாவிட்டால் 'ஐ யாம் லீவிங் டுமாரோ' என்று நிகழ்காலத்திலேயே நாளைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கூப்பிட்டால், நாற்காலியை விட்டு எழாமலே 'கமிங்!' என்று குரல் கொடுப்பவர் லண்டனிலும் உண்டு.

ஆகவே, வகுப்பு தேடி அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே பன்னிரண்டு கட்டம் போட்டுக் கையில் கொடுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். சிம்பிள் பிரசன்ட், சிம்பிள் பாஸ்ட், அவை இரண்டின் கன்டினியுவஸ், பிரசன்ட் பெர்ஃபெக்ட், ஒரு 'வில்' என்று ஆறே போதும். சென்னைக்குப் போய் இன்டர்வியூவை முடித்துவிட்டுத் திரும்பலாம். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.