பழசிலிருந்து படிக்கிறவன்

அப்பாவுக்கு ஒரு பழக்கம். ஊருக்குப் போய்விட்டு வந்தால், பக்கத்து வீட்டில் எடுத்து வைத்திருக்கும் பேப்பர்களைத் தேதிவாரியாக அடுக்கி, முதல் நாளிலிருந்துதான் படிப்பார். மேட்ச் முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும். "நாளைக்கு டாஸ் ஜெயிக்கணும்டா" என்று கவலைப்படுவார். முடிவைச் சொன்னால் அடி விழும்.

அந்த ரத்தம்தான் எனக்கும். கோயில் கொடைக்கு ஒன்பது நாள் லீவு போட்டுவிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, குளித்த தலை காயாமல் ஆபீஸ் போனேன். கையில் ஒரு கிலோ அல்வா. இன்பாக்ஸில் 614 மெயில். அல்வா பத்து நிமிடத்தில் காலி.

லாரன்ஸ் லெஸிக் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 2004-ல் மெயிலுக்கே மஞ்சள் கடுதாசி கொடுத்தவர். 'பாக்கியைத் தீர்க்க முடியாது, மன்னியுங்கள்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் டெய்ம்லர் கார் கம்பெனி 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. லீவில் இருப்பவர் விரும்பினால், வருகிற மெயிலைக் கம்ப்யூட்டரே அழித்துவிட்டு, வேறு யாரைப் பிடிக்கலாம் என்று அனுப்பியவருக்குத் தகவல் கொடுத்துவிடும்படி ஏற்பாடு செய்தது. நம் பக்கம் 'லீவில் இருக்கிறேன்' என்று தானியங்கிப் பதில் போட்டு வைத்தால், அதைப் படித்துவிட்டு, "ஊர்லதானே இருக்கீங்க, ஃப்ரீயா?" என்று போன் வரும்.

சரி, முதல் மெயிலிலிருந்து ஆரம்பித்தேன். 'மிக அவசரம், இன்றே கொட்டேஷன் தேவை.' பதறிப்போய் ஒன்றரை மணி நேரம் கணக்குப் போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அடுத்த மெயிலுக்கு வந்தேன். 'ஜென்டில் ரிமைண்டர்.' அதற்கடுத்தது வெறும் 'ரிமைண்டர்', ஜென்டில் கழன்றுகொண்டது. நாலாவதில் மேனேஜருக்கு சி.சி. ஐந்தாவதில் பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே வந்து, அதே சரக்கை என் விலையைவிட எட்டு சதவீதம் கூடுதலாக விற்று, சனிக்கிழமையே ஆர்டரும் வாங்கிவிட்டார். என் கொட்டேஷனைப் பார்த்த வாடிக்கையாளர் அவருக்குப் போன் போட்டது எனக்குக் கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அல்வா சாப்பிட்டவர் பார்க்கிற பார்வை இல்லை அது.

இனி வேலை சம்பந்தமில்லாத மெயிலாகப் பார்ப்போம் என்று கீழே போனேன். அட்மின் அனுப்பியது: 'பேன்ட்ரியில் இரண்டடுக்கு எவர்சில்வர் கேரியர் கிடக்கிறது, யாருடையது?' இதற்காவது உடனே பதில் சொல்லலாம். 'என்னுடையது இல்லை. பொதுஇடத்தில் இப்படி விட்டுப்போவது பொறுப்பில்லாத செயல்' என்று ரிப்ளை ஆல் போட்டேன். மொத்த ஆபீஸுக்கும் 'டிங்' என்றது.

அதே வரிசையில் மேலும் 37 மெயில் இருந்தன. மூன்றாம் நாள், வாடை வருவதாக அக்கவுன்ட்ஸ் புகார். நாலாம் நாள், வாடை லிஃப்ட் வரை வந்துவிட்டதாக ஹெச்.ஆர். ஐந்தாம் நாள் ஹவுஸ்கீப்பிங் அக்கா மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு திறந்து பார்த்ததில், உள்ளே சாம்பார் சாதமாக இருந்த ஏதோ ஒன்று. ஆறாம் நாள், கழுவிக் கவிழ்த்த கேரியரின் போட்டோ. அடியில் பெயர் வெட்டியிருந்தது, சொந்தக்காரர் தெரிந்தால் சொல்லவும் என்று கேட்டிருந்தார்கள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். என் மாமனாரின் இனிஷியல். பக்கத்தில் எங்கள் கல்யாணத் தேதி.

கேரியர் இப்போது செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. ஏழு மணிக்குமேல் ஆள் குறைந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறேன். இன்னும் 571 மெயில் பாக்கி.