சிறை சென்ற வீரரை மீட்பது யார்?

கேள்வி: ஐஸ் ஹாக்கி பார்க்க மகன் அழைத்துப்போனான். விசில் ஏன் ஊதுகிறார்கள் என்றே புரியவில்லை. விதிகளைச் சொல்லுங்களேன்!
— வாசகி, எப்சம், ஆக்லாந்து

பதில்: பந்தைத் தேடினீர்களா? அது பந்தே இல்லை. பக் எனும் ரப்பர் வில்லை. எடை சுமார் 170 கிராம். கோல்கீப்பரோடு அணிக்கு ஆறு பேர், 20 நிமிடம் வீதம் மூன்று கட்டம்.

விசிலுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. எதிரணியின் நீலக்கோட்டை பக் தாண்டும் முன் தாக்குபவர் உள்ளே போனால் ஆஃப்சைடு. விருந்தாளிக்கு முன்னே சீர்வரிசைத் தட்டு நுழைய வேண்டும், அவ்வளவுதான்! நடுக்கோட்டுக்கு இப்பால் நின்றே பக்கை எதிரணியின் கோல்கோடு தாண்டி விரட்டினால் ஐசிங்.

எனக்கு மிகப் பிடித்தது தண்டனைப் பெட்டி. காலை வாரிவிட்டவர் அங்கே இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். கபடியில் வெளியேறியவரைச் சொந்த அணியின் புள்ளி மீட்கும். இங்கேயோ எதிரணி கோல் போட்டால் உடனே விடுதலை! இந்த இரண்டு நிமிடத்துக்காகவே டிக்கெட் வாங்கலாம். ஆள் குறைந்த அணிக்கு ஐசிங் விதி கிடையாது என்பதால் பக்கைத் தூர விரட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும்.

நியூசிலாந்து ஐஸ் ஹாக்கி லீக் 2005 முதல் நடக்கிறது. வெஸ்ட் ஆக்லாந்து அட்மிரல்ஸ் அணியின் களம் உங்களுக்கு அருகே அவண்டேலில்தான். குளிர்காலத்தில் போங்கள், ஸ்வெட்டர் உள்ளேயும் அவசியம்.