பட்டாபட்டியும் மெய்ப்பையும்: சேதுக்கரைத் தையல் வரலாற்றுக்கு ஒரு முன்னுரை

பழங்கால உடுப்பைப் பார்த்து, அதே வெட்டில், அதே தையலில் மறுபடி தைத்துப் போட்டுக்கொண்டு மகிழ்வது மேலைநாடுகளில் ஒரு முழுநேரப் பொழுதுபோக்கு. விக்டோரியா மகாராணி காலத்துக் கவுன் ஒன்றுக்கு ஆறு மாதம் உட்காருகிறார்கள். இடுப்புக் கச்சைக்கு அந்தக் காலத்தில் வைத்த திமிங்கலத் தகடு இப்போது கிடைக்காததால், அதற்கு மாற்று தேடி அலைகிறார்கள். அதே ஆசை ராமநாதபுரத்தில் ஒருவனுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆசை வந்தது, ஓய்வு பெற்ற மறுமாதம். அம்மா சீதனமாகக் கொண்டுவந்த கால் மிஷின் வீட்டிலேயே இருந்தது. அதன்மேல் இருந்த இட்லிக் கொப்பரையை இறக்கிவைத்துவிட்டு ஆய்வைத் தொடங்கினேன்.

தொடங்கிய அன்றைக்கே ஆய்வு முடிந்துபோகப் பார்த்தது. காரணம், இந்தக் கரையின் வரலாற்றில் தைக்க ஒன்றுமே இல்லை. பரமக்குடித் தறியிலிருந்து இறங்கும்போதே சேலை முழுமையடைந்துவிடுகிறது. வேட்டியும் துண்டும் அப்படித்தான். உலகாளும் அரசனானாலும் காட்டில் வேட்டையாடுபவனானாலும் உடுத்துவது இரண்டு துணிதான் என்று புறநானூற்றில் நக்கீரர் கணக்கை முடித்துவிட்டார். அந்த இரண்டிலும் தையல் கிடையாது. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ் ஆடை வரலாற்றை நான் ஒரே மாலையில் தைத்து முடித்தேன். ஓரம் அடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

ஆனால் சிலப்பதிகாரம் இடிக்கிறது. புகார் நகரத்துக் கைவினைஞர் பட்டியலில் துன்னகாரர் வருகிறார்கள். துன்னகாரர் என்றால் தையல்காரர். தையல் உடுப்பே இல்லாத நாட்டில் தையல்காரருக்கு என்ன வேலை? விடை முல்லைப்பாட்டில் இருக்கிறது. பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் யவனர்கள் அங்கே மெய்ப்பை அணிந்து வருகிறார்கள். மெய்யைப் போட்டுவைக்கும் பை! சட்டைக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவன் சட்டை போட்டவனாக இருக்க முடியாது. போட்டவனை வெளியே நின்று, வேட்டி கட்டிய இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். யவனர் தொடர்புக்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. வைகை கடலில் கலக்கும் இடத்தருகே அழகன்குளத்து அகழாய்வில் ரோமானியக் காசும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் எடுத்திருக்கிறார்கள். துணி ஏது? ஊசியே மூன்று மாதத்தில் துருப்பிடிக்கும் உப்புக்காற்று இது. (ஊசியை எண்ணெயில் நனைத்த பழைய ரவிக்கைத் துண்டில் குத்திவைக்கவும். ஆய்வில் உறுதியான ஒரே முடிவு இதுதான்.)

எனவே என் கருதுகோள்: இந்தக் கரையில் தைத்த உடை என்பது கடல் வழியே வருகிறவனின் உடை. வரவேற்கிறவன் இரண்டு முழத்துணியோடு நின்றான்.

சான்று தேடி ராமலிங்க விலாசம் போனேன். சேதுபதிகளின் அந்த அரண்மனைச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம், ராமாயணம் ஒரு பக்கம், இடையில் சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள். நான் தேடிப்போனது இவர்களைத்தான். தொப்பியும் கோட்டுமாக நிற்கிறார்கள். எல்லோரும் மன்னர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போக, நான் கோட்டின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வண்ணம் மங்கிய இடத்தில் இரண்டு முறை கணக்குத் தப்பியது. பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தபோது காவலர் தொண்டையைச் செருமினார். எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைத் தைத்தேன். கெட்டித் துணி, உள்ளே லைனிங், காலருக்கு கேன்வாஸ், கைக்கு மடிப்பு. காஜா எடுக்கவே நான்கு நாள் ஆனது. பிறகு கத்திரி வெயிலில், பகல் பதினோரு மணிக்கு, கழுத்துவரை பொத்தான் போட்டு முற்றத்தில் நின்றேன். ஏழாவது நிமிடத்தில் வியர்வை முழங்காலைத் தாண்டியது. பத்தாவது நிமிடத்தில் யார் என்ன கேட்டாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மனநிலையில் இருந்தேன். சேதுபதிகளின் ராஜதந்திரம் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வந்தவர்களைக் கோட்டோடு நிற்கவைத்துப் பேசியது அதில் ஒரு பங்காக இருக்கலாம் என்பதை யாரும் சட்டை செய்யவில்லை. சட்டை செய்தவன் நான் ஒருவன்தான்.

கருதுகோளுக்கு ஒரு சிக்கல் 1897 ஜனவரி 26-இல் பாம்பனில் கரையிறங்கியது. இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தரைப் பாஸ்கர சேதுபதி வரவேற்ற நாள் அது. கடல் வழியே வந்தவர், தைத்த அங்கி அணிகிறவர், ஆனால் நம்மவர். அதோடு தலைப்பாகை தைக்காத துணி. உள்ளூரும் வெளியூரும் ஒரே உடம்பில்! இந்தச் சிக்கலை ஆராய எனக்குக் கிடைத்த களம், பக்கத்து வீட்டு ஒன்றாம் வகுப்புப் பையன். எங்கள் ஊர்ப் பக்கம் மாறுவேடப் போட்டி என்றால் நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை விவேகானந்தர். காவி அங்கி நன்றாகவே அமைந்தது. தலைப்பாகைதான் நிற்கவில்லை. மூன்றாவது முறை சரிந்ததும், ஆய்வு நெறிக்கு மாறாக, உள்பக்கம் நாலு தையல் ஓட்டினேன். பையன் மேடையேறி, கைகட்டி, "சகோதர சகோதரிகளே" என்று சொல்லிக் குனிந்தான். தலைப்பாகை ஒரே கட்டியாக, குல்லாவைப் போலக் கழன்று முதல் வரிசையில் விழுந்தது. தைக்காமல் விட்டிருந்தால் அவிழ்ந்தாவது தோளில் விழுந்திருக்கும்.

காந்தியையும் சொல்ல வேண்டும். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் அரைவேட்டிக்கு மாறியவர். எந்திரங்களைக் கண்டித்த அவரே, தையல் எந்திரத்துக்கு மட்டும் 1924-இல் விலக்கு அளித்தார். சிங்கர், மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பால் செய்தது என்றார். இந்த வாதத்தை என் வீட்டில் எடுத்துரைத்தேன். "அப்ப நீங்க எனக்கு ஏதாச்சும் தைங்க" என்று பதில் வந்தது. என் மாமியாரின் பப் கை ரவிக்கையைப் பிரித்துப் பார்க்க அனுமதி கேட்டேன். பெட்டிச் சாவி அன்றிலிருந்து இடுப்பில்தான் இருக்கிறது. ஆகவே ரவிக்கை வரலாறு இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

இனி மையப்பொருள்.

டிரங்குப் பெட்டியின் அடியில், அந்துருண்டை வாசனையோடு, தாத்தாவின் பட்டாபட்டி அண்ட்ராயர் கிடைத்தது. பச்சையும் வெள்ளையும் பட்டை, முழங்கால் நீளம், நாடா இல்லை. பழைய உடுப்புத் தைக்கிறவனுக்கு மிகப் பெரிய இன்பம் தைப்பதில் இல்லை, பிரிப்பதில். பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக எடுக்க எடுக்க, முகம் தெரியாத ஒரு டெய்லர் நம் எதிரே உட்கார்ந்து கணக்குப் போடுவது தெரியும். இவர் துணி பற்றாமல் தவித்திருக்கிறார். வலது காலில் பட்டை நேராக இறங்குகிறது. இடது காலில், யாரும் பார்க்கப்போவதில்லை என்ற துணிச்சலில், கவட்டுத் துண்டைப் பட்டை குறுக்கே ஓட வெட்டி ஒட்டியிருக்கிறார். பையைத் திருப்பினேன். அது மைதா மாவுச் சாக்கு! சிவப்பு எழுத்து வெளுத்து, தலைகீழாக, கிலோ என்ற சொல்லின் பாதி மட்டும் மிச்சம்.

பையின் ஆழம் என்னைத் தூங்கவிடவில்லை. மணிக்கட்டு மறைந்து, மேலும் நாலு விரற்கடை போனது. தொண்ணூறை நெருங்கும் எங்கள் பெரியப்பாவைத் தங்கச்சிமடத்தில் போய்ப் பார்த்தேன். இளவயதில் தாத்தாவோடு கரைவலை இழுத்தவர்.

"பெரியப்பா, இந்தப் பை எதுக்கு இம்புட்டு ஆழம்?"

"வலை இழுக்குறப்ப குனிஞ்சே கெடக்கணும்ல அப்பு. காசு கொட்டிப்போயிரும்."

"அப்ப வேட்டி?"

"வேட்டியோட எவன்யா தண்ணிக்குள்ள எறங்குவான்? அவுத்துத் தலையில கட்டிக்கிறதுதான்."

உலக ஆடையியல் இதுவரை உள்ளாடை, வெளியாடை என்று பிரித்து வந்தது பிழை என்பது அந்த நொடியில் எனக்குப் புலப்பட்டது. வேட்டி தலைக்கு ஏறினால் பட்டாபட்டி வெளியாடை. இறங்கினால் உள்ளாடை. உடுப்பு அதேதான், மாறியது அலையின் தூரம். என் கருதுகோளும் இங்கே வந்து அழகாகத் திரும்பி உட்கார்ந்தது: மெய்ப்பையைக் கோட்டாக வெளியே மாட்டிக்கொள்ள மறுத்த இந்தக் கரை, அதைக் காலுக்கு வெட்டி, வேட்டிக்கு அடியில் ஒளித்து ஏற்றுக்கொண்டது. மெய்யில்லாத வெறும் பை.

இரண்டரை மீட்டர் பட்டைத் துணி வாங்கி, பழைய துண்டுகளைத் தாளில் வரைந்து, வெட்டினேன். டெய்லரின் இடதுகால் குற்றத்தையும் அப்படியே செய்தேன், நேர்மைக்காக. நாடா கோப்பதற்குள் ஊக்கு பட்டிக்குள் இரண்டு முறை திறந்துகொண்டது. மைதாச் சாக்குப் பையை மட்டும் புதிதாகத் தைக்க மனம் வரவில்லை. பழையதையே எடுத்துப் பொருத்தினேன்.

முடிந்த அன்று மாலை அதைப் போட்டு, மேலே வேட்டி கட்டி, கருவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனேன். பத்து ரூபாய் நாணயம் பையின் அடியில், கிலோவுக்கும் கீழே, பத்திரமாக இருந்தது. எடுக்க வேண்டுமானால் வேட்டியை இடுப்புவரை தூக்கி, குனிந்து, முழங்கை வரை விட வேண்டும். பின்னால் நாலு பேர் நின்றார்கள். நான் வேட்டி நுனியைப் பிடித்ததுமே கடைக்காரர் தராசைப் பார்க்கத் தொடங்கினார்.

"அண்ணே, நாளைக்கு வர்றப்ப குடுங்க" என்றார்.